ஆளுக்கு ஒரு நல்ல விஷயம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று போனில் நான் அழவில்லை. அவர் அழவிடவில்லை என்று எழுதினால்தான் சரி.

அன்சிலா பெரியவளாகி இதைப் படித்தால் அவளுக்குப் புரியட்டும் என்பதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். இவள் அப்பா கிளாரன்ஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அந்தக் கப்பல் ஈஸ்டருக்கு முன்னாலிருந்து வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி எங்கேயோ போய்விட்டார், போனை எடுப்பதில்லை. துறைமுகத்துக்குப் பாக்கி இருப்பதால் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாதாம். அதனால் அதிலிருக்கும் பதினொரு பேரும் இறங்க முடியாது. சம்பளமும் நின்றுவிட்டது. எப்போது வருவார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் அங்கே ஜெனரேட்டர் போடுகிறார்கள். அப்போதுதான் போனில் சார்ஜ் ஏறும். நெட் வருகிற ஒரே போனுக்கு எல்லாரும் வரிசை. எனக்குக் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களில் இதுவரை நான் அழுதேன், அவர் அழுதார், லைன் போயிற்று. இவ்வளவுதான் நடந்துகொண்டிருந்தது.

இன்று எடுத்ததுமே, "ஏட்டி ஜெனோ, நீ அழுறதக் கேக்கவா நான் வரிசையில நின்னு போன் போடுதேன்? இனிமே ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லணும். அன்னன்னைக்கு நடந்ததாத்தான் இருக்கணும். அதச் சொன்னப்புறம்தான் மத்த பேச்சு" என்றார்.

"நல்ல விஷயத்துக்கு நான் எங்க போவேன்?"

"தேடு. இங்க மட்டும் கடையிலயா விக்கி?"

"குழாய்ல தண்ணி வந்துச்சு" என்றேன். பின்பக்கம் தூண்டில் போட்டு ஒரு பெரிய மீன் பிடித்ததாகவும், ஆளுக்கு இரண்டு துண்டு வைத்ததாகவும் அவர் சொன்னார். சொல்லும்போது குரலில் தெம்பு இருந்தது. பிறகு லைன் போய்விட்டது.

நாளைக்கு என்ன சொல்வது? தட்டுத்தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த டைரி.

ஜூன் 9

முருங்கை மரத்தில் பூ. சொன்னேன். "பூவுக்கெல்லாம் நன்றி சொன்னா காய்க்கு என்ன செய்வ?" என்று சிரித்தார்.

ஜூன் 12

இந்த மாதிரிப் பழக்கத்தில் கெட்டிக்காரி ரோஸலின் மதினிதான். அவருடைய அக்கா. கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார், நாங்கள் மாடியில். காலையில் கதவைத் திறக்கும்போதே "மாதாவே நன்றி" ஆரம்பித்துவிடும். அடுப்பு எரிந்ததற்கு நன்றி, பால் பொங்கியதற்கு நன்றி, நேற்று கரண்ட் போனதற்கும் ஒரு நன்றி. "அதுக்கு எதுக்கு மதினி?" என்று கேட்டேன். "எதிர் வீட்டு டிவி நின்னுச்சுல்லா" என்றார்.

அன்சிலா பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பித்துப் பேனா பரிசு வாங்கினாள். இன்றைக்கு அதைத்தான் சொன்னேன். அவர் பருப்பு சாம்பாரும் அப்பளமும் செய்ததாகச் சொன்னார். அவருடைய நல்ல விஷயம் எப்போதும் சாப்பாடுதான். சமையல்காரர் வேறு எதைச் சொல்வார்.

ஜூன் 16, திங்கள்

பாளையங்கோட்டை ரோட்டில் உள்ள பெட்ரோல் பங்கில் பெண்கள் வேலைக்குத் தேவை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அரிசி மண்டிக்குப் போகும்போது பார்த்தேன், திரும்பி வரும்போதும் பார்த்தேன். மூன்றாவது தடவை போய்க் கேட்டுவிட்டேன்.

கல்யாணமான புதிதில் நான் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது அவர் வேண்டாம் என்றார். கத்தவில்லை. "நான் கடல்ல கெடந்து ஒழைக்கதே நீ வீட்டுல இருக்கணும்னுதானே" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. ஆனால் இப்போது அவர் உழைத்தும் ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லை.

மதினியிடம் சொன்னேன். உளுந்து களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"வந்தப்புறம் நானே சொல்லிக்கிடுதேன். அங்க இருக்க கவலையில இது வேற எதுக்கு."

"நான் சொல்ல மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன். என்கிட்ட கேக்காம இருக்க மாதா பாத்துக்கிடட்டும்." கொஞ்சம் கழித்து, "புள்ள சாயங்காலம் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

போனில் அவரிடம் நான் சொன்ன நல்ல விஷயம்: மதினி இட்லி கொடுத்தார். பொய் இல்லை, கொடுத்தார்.

ஜூன் 19

முதல் நாள். பழுப்பு பேன்ட், ஆரஞ்சு சட்டை, தொப்பி. பேன்ட் போட்டு எனக்குப் பழக்கமில்லை. சட்டை சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். தொப்பிக்காக இன்னொரு தடவை பார்க்க வேண்டியதாயிற்று.

கூட வேலை பார்க்கிறவள் முத்துமாரி, முத்தையாபுரத்துக்காரி. வயதில் என்னைவிடச் சின்னவள்தான். ஆனால் லாரிக்காரர்களை மிரட்டுவதில் ஒரு போலீஸ்காரி தோற்றுப்போவாள். எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்: "எக்கா, வண்டி நின்னதும் வாயத் தொறந்து ‘சார், ஜீரோ பாத்துக்கோங்க’ன்னு சத்தமா சொல்லணும். பைய சொன்னீங்கன்னா நம்மள ஏமாத்துக்காரின்னு நெனப்பானுவ."

எனக்குக் குரல் எழவில்லை. பத்துப் பதினைந்து வண்டிகளுக்குப் பிறகு எழுந்தது. மத்தியானத்துக்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கை முழுக்க பெட்ரோல் வாடை. சோப்பு போட்டும் போகவில்லை. போகவில்லையே என்று வருத்தமும் இல்லை.

ஜூன் 27

அவருடைய ஸ்கூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். முத்துமாரி வந்து உருவி எடுத்துவிட்டாள். "பெட்ரோல் போடுதவளுக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னா வெளிய சொல்லாதீங்க எக்கா" என்றாள். துறைமுக ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கற்றுக் கொடுத்தாள். உப்பளக் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு தடவை விழுந்து முட்டியில் சிராய்ப்பு. இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறே வலித்துவிட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாகும், அதற்காகத்தான்.

அவரிடம் சொன்னது: கடல் பக்கம் போனோம், நல்ல காற்று.

ஜூலை 4

அவர்: முட்டைக் குழம்பு. நான்: அன்சிலாவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டது.

ஜூலை 15

உப்பு லாரி ஓட்டும் ஒரு பெரியவர் டீசல் போட வரும்போதெல்லாம், "என்னம்மா, கப்பல் கெளம்பிட்டா?" என்று கேட்கிறார். முத்துமாரிதான் சொல்லியிருப்பாள். முதலில் கோபம் வந்தது. இன்றைக்கு அவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று இரண்டு தடவை ரோட்டைப் பார்த்தேன்.

ராத்திரி சாப்பாடு வயிற்றுக்குப் போதுமான அளவு இருந்தது. தூக்கமும் வருகிறது. மே மாதம் முழுவதும் தூங்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தினமும் ஒரு நல்லதைத் தேடித் தேடி என் கண்ணுக்கே ஏதோ பழக்கம் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நடந்து போகும்போதே ‘இதைச் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது’ என்று பிரித்து வைக்கிறேன். சொல்ல முடியாததுதான் அதிகம் சேர்கிறது.

வீடியோவில் பேசுங்கள் என்று கேட்டேன். நெட் பத்தாது என்றார். போன மாதமும் அதையேதான் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்தாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதினியிடம் சொன்னேன். மதினி மாதாவுக்குச் சொன்னார்.

ஜூலை 29, செவ்வாய்

பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டது. தெருவெல்லாம் லைட்டு. வேலை முடிந்து வந்து அன்சிலாவைக் கூட்டிக்கொண்டு திருவிழாக் கடைக்குப் போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அக்கா, நான் பவானி, கடலூர்லேந்து பேசறேன். எங்க வூட்டுக்காரரு குணசேகரு உங்க வூட்டுக்காரரு கூடத்தான் கப்பல்ல இருக்காரு." அழுதுகொண்டே பேசினாள். "அண்ணனுக்குக் கோயில் கட்டணும்க்கா. இவருக்குக் கால் வீங்கி நடக்க முடியல. அண்ணன் தன்னோட தண்ணியையும் இவருக்குத்தான் குடுக்கறாராம்."

"தண்ணியா?"

"ஆமாக்கா. ஆளுக்கு ஒரு பாட்டில்தானே ஒரு நாளைக்கு. கஞ்சியும் உப்பும்தான் ஓடுதாம் ரெண்டு மாசமா. அண்ணன் போன வாரம் சமையக்கட்டுலயே மயங்கி வுழுந்துட்டாராமே. உங்க கிட்ட சொல்லலையா?"

சொன்னார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மனமில்லை போல.

திருவிழாக் கடைக்குப் போகவில்லை. அன்சிலா முகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஜூலை 30

எடுத்ததும், "இன்னைக்கு நல்ல விஷயம் என்னன்னா, தேங்காய் கெடச்சுச்சு, அதப் போட்டு ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"போதும்" என்றேன். "நீங்க சொன்ன கோழிக்குழம்புக்கு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். மதினி மெழுகுதிரி ஏத்துனாங்க. கஞ்சிக்கு ஏத்துனோம்னு ரெண்டு பேருக்கும் தெரியாது."

பின்னால் யாரோ ஏதோ சொல்கிற சத்தம் கேட்டது.

"மயங்கி விழுந்தீங்களா இல்லையா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நான் யாரோ எவளோவா? ஒரு நல்ல விஷயம், ஒரு நல்ல விஷயம்னு சொல்லி சின்னப் புள்ளைக்கு முட்டாய் குடுக்கது மாதிரி..."

அதற்குள் அன்சிலா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நேற்றுக் கடைக்குப் போகாத கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. "அப்பா, அம்மாவும் ஒங்ககிட்ட சொல்லல. அம்மா பெட்ரோல் பங்க்ல வேல பாக்கா. ஒங்க வண்டிய ஓட்டுதா. கீழ விழுந்து முட்டியெல்லாம் காயம். அத்தைக்கும் தெரியும்."

நான் போனை வாங்குவதற்குள் லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாகப் போயிற்றா, தெரியவில்லை.

ஜூலை 31

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலையில் ஒரு பைக்குக்கு டேங்க் நிரம்பி வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். முத்துமாரி ஓடி வந்து நிறுத்தினாள். வண்டிக்காரர் நல்லவர், சத்தம் போடவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. எடுத்ததும் அவர், "யூனிஃபார்ம் என்ன கலரு?" என்று கேட்டார்.

"ஆரஞ்சு சட்ட. பழுப்பு பேன்ட். தொப்பி உண்டு."

"தொப்பியா?" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எனக்கு ஒரு நாளு முழுக்கக் கோவம் ஜெனோ. போன் போட முடிஞ்சும் போடல. அப்புறம் யோசிச்சேன். நான் கோழிக்குழம்பு வச்சேன், நீ கடக்கரைக்குக் காத்து வாங்கப் போன. ரெண்டும் ஒரே மாதிரிதானே."

"நான் காத்து வாங்குனது நெசம்."

"கோழி, முட்ட, சாம்பாரு எல்லாம் பொய்தான். மீன் பிடிச்சது நெசம். ஒரு நாளு மழ பேஞ்சு தார்ப்பாய்ல தண்ணி பிடிச்சோம், எல்லாரும் குளிச்சோம், அது நெசம். ஆனா அத எப்படிச் சொல்ல? மழத்தண்ணியில குளிச்சேன்னா அதுவரைக்கும் குளிக்கலயான்னு கேப்பியே."

அது சரிதான், கேட்டிருப்பேன்.

அப்போதுதான் நான் சொன்னேன்: முதலில் கெட்டதைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று. மறைக்கக் கூடாது. அப்புறம் நல்லது. கெட்டது தெரியாமல் நல்லதுக்கு நன்றி சொன்னால் அது எங்கேயும் போய்ச் சேராது.

"சரி. நீ மொதல்ல" என்றார்.

"உங்களக் கேக்காம வேலைக்குப் போனேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு." இரண்டாவது வாக்கியத்தை ஏன் சொன்னேனோ. தானாக வந்துவிட்டது.

"இதுல கெட்டது எது?" என்றார்.

ஆகஸ்ட் 5

மாதா தேர். மதினி முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று காலையிலேயே போய்விட்டார். அன்சிலாவை முத்துமாரி தோளில் தூக்கி வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் போனை உயர்த்திப் பிடித்து மணிச்சத்தத்தை மட்டும் அவருக்குக் கேட்க வைத்தேன்.

அவருடைய கெட்டது: கப்பலில் இன்று யாரும் யாரோடும் பேசவில்லை, இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், ஒரு வெங்காயத்துக்காக. நல்லது: அடித்துக்கொண்ட இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து மணிச்சத்தத்தைக் கேட்டார்கள். ஒருவர் பீகார்க்காரர். யார் கல்யாணம் என்று கேட்டாராம்.

ஆகஸ்ட் 20

கெட்டது: ஒரு கார்க்காரர் போனில் பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார், எனக்கு மெசேஜ் வரவில்லை. "உன்ன மாதிரி ஆளெல்லாம் வச்சா இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நான் நகரவில்லை. மெசேஜ் வருகிற வரைக்கும் கார் முன்னால் நின்றேன். வந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

நல்லது: நகராமல் நின்றது.

அவருக்கும் இன்று நல்ல நாள். கடலோடிகளுக்கு உதவி செய்கிற ஒரு சங்கத்துக்காரர்கள் படகில் வந்து அரிசி, காய்கறி, தண்ணீர் கேன், மருந்து கொடுத்துவிட்டுப் போனார்களாம். கோர்ட்டில் கேஸும் போட்டிருக்கிறார்களாம். கத்தரிக்காயைப் பற்றி அவர் பேசியது முழுவதையும் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இன்று முதல்முறையாக வீடியோவில் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. தாடி. அன்சிலா, "அப்பா, நீங்க கோயில்ல இருக்க சூசையப்பர் மாதிரி இருக்கீங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு அழுதேன். இது வேறு அழுகை.

செப்டம்பர் 11, வியாழன்

கோர்ட்டு ஐந்து பேரை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லிவிட்டது. மற்றவர்கள் கப்பலைப் பார்த்துக்கொள்ள இருக்க வேண்டும். எத்தனை நாள் என்று இல்லை. கேப்டன் சீட்டுக் குலுக்கிப் போட்டாராம். அதில் இவர் பெயரும் வந்திருக்கிறது.

நான் கத்தியே விட்டேன். மதினி கீழேயிருந்து ஓடி வந்தார்.

"இரு, இரு" என்றார் அவர். "மொதல்ல கெட்டதச் சொல்லணும்ல. குணசேகரு பேரு வரல. அவன் காலப் பாத்தா நீ சாப்பிட மாட்ட. டாக்டரு சீக்கிரம் பாக்கணும்னு சொல்லிட்டாரு. என் சீட்ட அவனுக்குக் குடுக்கலாம், கேப்டன் சரிங்காரு. ஆனா நான் குடுக்கேன்னு சொல்லல. என் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்."

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

"கேக்காம செஞ்சா நீ வண்டிய எடுத்துக்கிட்டு இங்கேயே வந்துருவ."

நான் சிரிக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மதினி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நன்றி எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

செப்டம்பர் 12

பங்கில் முத்துமாரியிடம் சொன்னேன். "நான்னா வந்துருங்கன்னு சொல்லிருவேன் எக்கா" என்றாள். "அந்தக் கடலூர்க்காரிக்காக வருத்தப்படுவேன். ஆனா வந்துருங்கன்னுதான் சொல்லுவேன்." அவள் உண்மையைச் சொன்னது நன்றாக இருந்தது. நீங்கள் பெரிய மனுஷி, விட்டுக்கொடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

வேலை முடிகிற வரைக்கும் வந்துவிடுங்கள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அன்சிலாவுக்குத் தலை வாரினேன். அவர் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். பெட்டியோடு வருகிறார். மதினி ஓடுகிறார். அன்சிலா ஓடுகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் பவானி வீட்டில் போன் வரும், அவள் எடுப்பாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. அவரும் சோற்றில் கை வைக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

போன் வந்தது. "கெட்டது சொல்லு" என்றார்.

"நீங்க இப்ப வரல. அதுதான் கெட்டது."

பிறகு மெதுவாக, "நல்லது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குத் தேடிப் பாக்கேன்."

"சரி ஜெனோ" என்றார். "சரி." வைக்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 13

தேடினேன். கிடைக்கவில்லை. அவரிடம் அப்படியே சொன்னேன். தனக்கும் இல்லை என்றார். இரண்டு பேருக்குமே இல்லாத முதல் நாள். ஆனாலும் நேரம் முடிகிறவரை பேசினோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பவானி போன் செய்தாள். குணசேகர் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காலை எடுக்க வேண்டியதில்லையாம். இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தாராம், பவானி காதைப் பொத்திக்கொண்டாளாம்.

இதை அவரிடம் நல்ல விஷயமாகச் சொன்னேன். அவர் அங்கே எல்லாருக்கும் உரக்கச் சொல்வது கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

அக்டோபர் 3

மழை ஆரம்பிக்கவில்லை, வெக்கை. முத்துமாரிக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். "வண்டி ஓட்டத் தெரியுமா அவனுக்கு?" என்று கேட்டேன். "தெரியலன்னா கத்துக் குடுப்பேன்" என்றாள்.

அக்டோபர் 9

கப்பலை வாங்க ஆள் வந்துவிட்டது. எல்லாரையும் அனுப்புகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. "கெட்டது என்ன?" என்று கேட்டேன். "இருக்கும். தேடணும்" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். பிளாட்பாரத்துக்காக நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எதுவும் நடக்கவில்லை. அவர் வேறு பெட்டியிலிருந்து இறங்கி, என் பின்னால் வந்து நின்று, "சார், ஜீரோ பாத்துக்கோங்க" என்றார். அன்சிலா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மதினி அழுத அழுகைக்குப் போலீஸ்காரர் வந்து என்னம்மா என்று கேட்டார்.

சட்டை அவருக்கு யாரோ பெரிய ஆளிடம் இரவல் வாங்கியது மாதிரி தொங்குகிறது.

வீட்டில் மதினி ஆறு வகை செய்து வைத்திருந்தார். கொஞ்சம்தான் சாப்பிட்டார்.

அக்டோபர் 17

படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியில் இரண்டு ரொட்டித்துண்டு. காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார். எறும்பு வந்துவிட்டது. எடுத்துத் தட்டிவிட்டு, மூடி போட்ட டப்பாவில் புது பிஸ்கட் போட்டு அதே இடத்தில் வைத்தேன். சாயங்காலம் டப்பாவைப் பார்த்திருப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குக் காலை ஷிப்ட். எழுந்தபோது டீ போட்டு வைத்திருந்தார். "நான் இனிமே போகணுமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக வைத்திருந்தேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "போகணுமான்னு கேக்கியா, போகட்டுமான்னு கேக்கியா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. போறேன்னு சொல்லுதேன்."

"தொப்பிய மறந்துட்டுப் போகாத" என்றார்.

அக்டோபர் 22

ஏஜென்ட் போன் செய்தார். இன்னொரு கப்பலாம், நல்ல முதலாளியாம். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று இவர் சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.

கெட்டது, நல்லது சொல்வதை நிறுத்தவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முதலில் வெட்கமாக இருந்தது. அன்சிலாவும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய கெட்டது தினமும் கணக்கு டீச்சர்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

கடலூரிலிருந்து குணசேகரும் பவானியும் வந்தார்கள். குணசேகர் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். பவானி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், சாப்பிட உட்காரும்வரை விடவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிரிக்கெட் பேசினார்கள். இரண்டு பேருக்கும் அதில் பெரிய அறிவு கிடையாது.

ஊருக்கு வந்ததிலிருந்து இவர் அடுப்புப் பக்கம் டீ போடுவதற்குத் தவிரப் போகவில்லை. இன்று காலை, "நான் சமைக்கேன்" என்று எழுந்தார். மீன் வாங்கி வந்தார். மசாலாவை அவரே அரைத்தார். மதினி வீட்டிலிருந்து பெரிய பானையை எடுத்து வரச் சொன்னார். ஆறு பேருக்கு எதற்குப் பெரிய பானை என்று கேட்கலாம் என்று உள்ளே போனேன். அரிசிப் பையைத் தூக்கிப் பிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பை காலியாகிற வரைக்கும் கொட்டினார்.

"என்னங்க, இவ்வளவா?"

திரும்பிப் பார்த்தார். முகம் பூராவும் வியர்வை. "அங்க டம்ளரக் கூட நெறைக்கல ஜெனோ. கையால எடுத்துப் போட்டு, அதுலேருந்து கொஞ்சம் எடுத்துத் திரும்பப் பையில போடுவேன். தெனமும். எல்லாரும் வாசல்ல நின்னு என் கையையே பாப்பானுவ." பானையைப் பார்த்தார். "இன்னைக்கு அளக்காமப் போட்டுட்டேன்."

நான் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். வேறென்ன செய்வது.

சோறு பொங்கிப் பானை விளிம்புக்கு வந்துவிட்டது. மதினி தெருவில் இறங்கி எதிர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். டிவிக்காரர்களைத்தான். நான் பங்குக்குப் போன் செய்தேன். முத்துமாரி மத்தியான ஷிப்ட்டுக்கு ஆள் மாற்றிவிட்டு, கூட வேலை பார்க்கிற இரண்டு பேரோடு வந்தாள். வருகிற வழியில் உப்பு லாரிப் பெரியவரையும் இழுத்து வந்திருந்தாள். பெரியவர் இவரைப் பார்த்து, "கப்பல் வந்துட்டுபோல" என்றார். கீழ் வீட்டு முன்னறையில் இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். சமைத்தவரேதான் பரிமாறினார், யாரையும் கரண்டியைத் தொட விடவில்லை. போதும் போதும் என்றவர்களுக்கும் போட்டார். குணசேகர் மூன்று தடவை வாங்கினார். மூன்றாவது தடவை வாங்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கடைசியில் அவரும் உட்கார்ந்தார். நான் போட்டேன். முழுசாகச் சாப்பிட்டார்.

சோறு தீர்ந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டதால்தான் போகவில்லை என்று மதினி சொல்கிறார். மழை அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.